நான் அழித்த ஏழாவது வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆள் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன், இருபத்தைந்து வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்தவன், தராசு என்ன சொல்கிறதோ அதுதான் எனக்கு உண்மை. ஜின் உண்டு என்று அத்தா சொல்வார்கள்; இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு நம் கடையில் என்ன வேலை என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இதில் அமானுஷ்யத்தைவிட எனக்குச் சொல்லக் கூச்சமாக இருப்பது நான் செய்த காரியம்தான், அதனால்தான் இத்தனை நாள் வீட்டில்கூட வாயைத் திறக்கவில்லை.

எனக்கு மீன் பிடிக்கிற பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு பைக்கில் காவிரிக் கரைக்கு, ஜேடர்பாளையம் போய்விடுவேன். இரண்டு கெண்டைக்காக இவ்வளவு பெட்ரோலா என்று மனைவி திட்டாத வாரம் கிடையாது. அங்கே தடுப்பணைப் பக்கம் மீன் வறுத்து விற்கிற பாவாயக்கா கடையில்தான் எனக்குச் சோறு, டீ, ஊர்க்கதை எல்லாம். அக்காவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் மீன் பிடிக்கிறவர், மாரடைப்பில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவருடைய அலுமினியப் படகு கடைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் அக்கா வற்றல் காயப்போடுவார்.

ஒரு நாள் வாய்ச் சவடாலாக, இதை நான் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டுவிட்டேன். படகு என்றாலும் அலுமினியம்தானே, நான் பார்க்காத அலுமினியமா என்கிற எண்ணம். அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெசமாவா பாய்? சரி பண்ணி நீங்களே வெச்சுப் புழங்குங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, ஆடிப் பதினெட்டுக்கு ஒருக்கா என்னைய நடு ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனாப் போதும். ஆனா உள்ள பின் பலகைக்குக் கீழ அவரு எழுத்து வெட்டி வெச்சிருக்காரு. அதை மட்டும் அழிச்சுப்போடாதீங்க சாமி."

என்ன எழுத்து என்று கேட்டேன். ஆற்றில் குளிக்க வந்து போய்ச் சேர்ந்தவர்களின் உடலைத் தேடி எடுக்க போலீஸ்காரர்கள் அக்காவின் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்களாம். அப்படி எடுத்ததில் ஏழு பேரை யாருமே தேடி வரவில்லை. பேர் தெரியாது, ஊர் தெரியாது. அதனால் என்ன உடுத்தியிருந்தார்கள், என்ன அடையாளம் என்று ஆளுக்கு ஒரு வரி ஆணியால் வெட்டி வைத்திருக்கிறார், என்றைக்காவது யாராவது வந்து கேட்டால் காட்டலாமே என்று. வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு நடு ஆற்றில் ஏழு பேருக்கும் பூ விடுவாராம். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படகைப் புரட்டி நான்தான் ஒருமுறை படித்துக் காட்டினேன், அதுவும் டீ ஆறுகிறதே என்கிற அவசரத்தில். அழிக்க மாட்டேன் அக்கா என்று சொன்னேன்.

படகைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி எங்கள் குடோனுக்குக் கொண்டு வந்தேன். பழக்கதோஷம், இறக்கியதும் முதலில் தராசில் ஏற்றினேன், ஐம்பத்தெட்டு கிலோ. அதன் பிறகுதான் எனக்குப் படகைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது. ஓட்டையை அடைக்க எனக்குத் தெரிந்த ஒரு வெல்டரைக் கூட்டி வந்தேன், அவர் இரும்புக்குக் காட்டுகிற சூட்டைக் காட்டியதில் ஐந்து ரூபாய்க் காசு அளவு ஓட்டை உள்ளங்கை அளவு ஆயிற்று. பிறகு நானே தகடு வெட்டி ஒட்டி ரிவெட் ஆணி அடித்தேன். படகுக்குள் தண்ணீர் நிரப்பி, வெளியே எங்கெல்லாம் கசிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன், அம்மை போட்டது மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு ரிவெட்டாகப் பிடுங்கி மாற்ற இரண்டு மாதம் ஆனது. நெளிவுகளை மரச் சுத்தியால் எடுத்தேன். அந்த வேலை மட்டும்தான் எனக்கு உருப்படியாக வந்தது.

எழுத்து இருந்த இடத்தைக் காகித டேப் ஒட்டி மறைத்திருந்தேன். மற்ற இடமெல்லாம் பாலிஷ் போட்டதும் படகு புதுக் குடம் மாதிரி மின்னியது. போட்டோ எடுத்துப் பாத்திரக்கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், ஒரே பாராட்டு. நான் அப்படியே மிதந்தேன். ஒருவர் மட்டும், உள்ளே அந்த டேப் ஒட்டிய இடத்தை மட்டும் ஏன் பாய் பாலிஷ் போடாமல் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார்.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. பழைய பாத்திரத்தை யாராவது கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிப் போனால், அதை மறுபடி விற்பதற்கு முன் நாங்கள் முதலில் செய்வது அதில் வெட்டியிருக்கும் பேரை அழிப்பதுதான். யாரோ ஒருவரின் கல்யாணச் சீர், யாரோ ஒருவரின் பேர், சக்கரத்தில் பிடித்தால் அரை நிமிஷம். ஆயிரக்கணக்கில் அழித்த கை இது. அந்தக் கை தவறிவிட்டது என்று உங்களிடம் சொல்லலாம், ஆனால் அது பொய். டேப்பை உரித்தேன், எழுத்தைப் பார்த்தேன், பளபளப்புக்கு இது இடைஞ்சலாக இருக்கிறதே என்று நினைத்தேன், அக்காவுக்குத்தான் படிக்கத் தெரியாதே என்றும் நினைத்தேன். அப்புறம்தான் மெஷினைப் போட்டேன்.

மறுநாள் காலையில் எழுந்ததும்தான் உறைத்தது. அக்கா கையால் தடவிப் பார்த்தால்? உடனே போய் ஆணியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்புச் சட்டை, நெற்றியில் தழும்பு. வலது கையில் வாட்ச். வெள்ளை வேட்டி, நரைத்த தலை. இப்படி ஆறு வரி ஞாபகம் வந்தது. ஏழாவது வரவே இல்லை. கண்ணை மூடினேன், வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன், வரவில்லை. கடைசியில் நானாக ஒரு வரியைப் போட்டு வெட்டினேன். 'நீலச் சேலை, ஒரு காலில் மட்டும் மெட்டி.' எதற்கு ஒரு பெண், எதற்கு ஒற்றை மெட்டி என்று கேட்காதீர்கள், இன்னொரு வரி வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் எதுவுமே இல்லை. பழசாகத் தெரியட்டும் என்று எண்ணெயில் கரியைக் குழைத்து எழுத்தில் தேய்த்தும் விட்டேன். அவ்வளவு சுத்தமான திருட்டு வேலை.

ஆடிப் பதினெட்டு வந்தது. அந்த வருஷம் தண்ணீர் அளவாகத்தான் வந்துகொண்டிருந்தது. கூட்டமில்லாத இடமாகப் பார்த்து, பதினோரு மணி வெயிலில் படகை இறக்கினோம். அக்கா மடியில் பூக்கூடை, நான் துடுப்பு. கரையை விட்டு நகர்ந்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. துடுப்பு போட்டால் படகு வரவில்லை. எட்டிப் பார்த்தேன், தண்ணீருக்கும் படகின் விளிம்புக்கும் நாலு விரல்கூட இல்லை. முந்தின வாரம் ஏரியில் என்னோடு இரண்டு தடியர்களை ஏற்றிச் சோதித்தபோது ஒரு முழம் வெளியே நின்ற படகு. ரிவெட் விட்டுவிட்டது என்று நினைத்து அடித்தகட்டைத் தடவினேன். காய்ந்த அலுமினியம், வெயிலில் சுட்டது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நம்பினால் நம்புங்கள். எடையை நான் தராசு இல்லாமலே சொல்வேன், அதுதான் என் பிழைப்பு. அந்தப் படகில் அன்றைக்கு இருந்தது இரண்டு பேர் எடை இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் தள்ளிப் போய்க்கொண்டிருந்த பரிசல்காரர் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"ஏனுங் பாய், அறிவிருக்குதா உங்குளுக்கு? இத்தனை பேர ஏத்திக்கிட்டு எங்கீங்க போறீங்க? ஆளக் கொறைங்க மொதல்ல!"

நான் துடுப்பை நிறுத்தினேன். திரும்பிவிடலாம் என்றேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

"மெல்லப் போங்க சாமி. வருசம் மூணாச்சில்லீங்க, எல்லாருமே வந்திருப்பாங்க."

நடு ஆற்றில் அக்கா பின் பலகைக்குக் கீழே விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தடவி, ஒவ்வொரு கைப் பூவாக விட்டார். ஏழாவது வரியில் விரல் கொஞ்சம் நின்றது, பிறகு பூவை விட்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரைக்கு வந்தபோது அங்கே ஒரு ஆள் காத்திருந்தார், நாற்பது வயது இருக்கும், ஆத்தூர்ப் பக்கம். அவருடைய அம்மாவுக்குப் புத்தி சரியில்லாமல் போய், காவிரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர் திரும்பவே இல்லையாம். பத்து வருஷமாக ஒவ்வொரு ஆடிக்கும் ஒவ்வொரு கரையாக விசாரித்துக்கொண்டு வருகிறாராம். இங்கே படகில் ஏதோ எழுதி வைத்திருப்பதாக யாரோ சொல்லி வந்திருக்கிறார். படகுக்குள் குனிந்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். ஏழாவது வரியைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கம்மாதாங்க. நீலப் பொடவதான் கட்டினு போச்சு. ஒரு மெட்டி அதுக்கு முந்தின வாரம்தான் கெணத்து மேட்டுல தொலஞ்சி போச்சு, வேற வாங்கலாம்னா கேக்கவே இல்ல. இத யாருங்க எழுதுனது?"

அக்கா என்னைப் பார்த்தார். எங்கூட்டுக்காரருங்க என்று அவரிடம் சொன்னார். அந்த ஆள் அழுதபடியே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், படகைச் சரிசெய்து இந்த எழுத்தைக் காப்பாற்றியது நான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. அவர் ஆற்றில் தலைமுழுகி, இனித் தேட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

அவர் போனதும் அக்கா கடைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார்.

"பாய், அவரு தூக்குன ஏழு பேருல பொம்பளையே கெடையாதுங்களே."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாட்ஸ்அப், பாராட்டு, மெஷின், கரி, ஒன்றுவிடாமல். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், இரண்டு அடி அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்த அம்மாளின் மெட்டி நான் வெட்டிய வரியில் எப்படி வந்தது என்று அக்கா கேட்கவே இல்லை. அவர் கேட்டது வேறு.

"அப்ப அந்த ஏழாவது ஆளு யாருங்க?"

"ஞாபகம் இல்லக்கா. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். உங்களுக்கு?"

"எனக்கும் நெனப்பில்லீங்க சாமி. நெனப்புல நிக்காதுன்னுதான அவரு வெட்டி வெச்சாரு."

எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு மகனோ தம்பியோ இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம், அவர் வந்து படித்தால் அதில் அவருடைய ஆள் இல்லை, இருந்த ஒரே அடையாளத்தையும் பளபளப்புக்காக நான் சுரண்டி எடுத்துவிட்டேன். அந்த அம்மாள் எப்படி வந்தார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இவர் எப்படிப் போனார் என்பதற்கு இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு ஆடி வந்து போயிற்று. இரண்டு தடவையும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். பூவோடு ஏறி உட்கார்ந்ததும் நான் துடுப்பை ஊன்றப் போவேன், அக்கா, "கொஞ்சம் இருங்க சாமி" என்பார். கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், தாமதமாக வருகிற ஒருவருக்காகப் பஸ்ஸை நிறுத்தி வைப்பார்களே, அப்படி. நான் கரைப் பக்கம் திரும்புவதே இல்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் படகு கரைப் பக்கமாக மெல்லச் சாயும், பிறகு நேராகும். "இப்பப் போலாமுங்க" என்பார் அக்கா.