இரவல் முட்டிவலி

சமூகப்பணி இளங்கலையின் மூன்றாம் ஆண்டில் எனக்கு முதியோரியல் என்றொரு தாள் இருந்தது. அதைக் கேள்விப்பட்ட கீழ்பென்னாத்தூர் சித்தப்பா, "வயசாவறதுக்குப் படிப்பு வேறயா? சும்மா இருந்தாலே வந்துடுமே" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் விழாது.

வகுப்பில் எல்லோரும் இருபது வயதுக்காரர்கள். பாடம் நடத்திய மேடத்துக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மூட்டுத் தேய்மானம், காது மந்தம், முதுமையை ஏற்க மறுக்கும் மனநிலை என்று, பார்த்தேயிராத ஏதோ ஊரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கடைசி வரியை மஞ்சள் மையால் கோடிட்டபோது அப்பாவின் முகம் வந்து நின்றது.

அப்பா வேங்கிக்கால் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுபவர். அவருக்குக் கோயில், பொழுதுபோக்கு, நட்பு எல்லாம் அந்த ஒரு நடைதான். அந்த வருடம் நின்று போனது. ஒரு மாதம் மழை என்றார், மறுமாதம் வயிறு சரியில்லை என்றார். அம்மாதான் சமையலறையில் மெதுவாகச் சொன்னாள்: "முட்டி வலிடி. வாயத் தொறந்து சொல்லமாட்டாரு. சொன்னா வயசாயிடுச்சுன்னு ஆயிடும்ல."

படித்த திமிரில் நான் நேராகவே கேட்டேன். "அப்பா, ஒரு கைத்தடி வாங்கலாமா?"

அப்பா திரும்பி வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா?" என்றார்.

அதற்கு மேல் என் பாடப்புத்தகத்தில் வழி சொல்லியிருக்கவில்லை. மலை சுற்றுவது ஒரேயடியாக நின்றுவிட்டால் மனிதர் நாற்காலியை விட்டே எழமாட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் மேடம் செய்முறை கொடுத்தார். மூக்குக் கண்ணாடியில் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும். காதில் பஞ்சு. முட்டியில் மர ஸ்கேலை வைத்து மடங்காதபடி துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். காலுறைக்குள் காய்ந்த பட்டாணி. இந்தக் கோலத்தில் இரண்டு மணி நேரம் நடந்து, முதுமையை அனுபவித்து வந்து கட்டுரை எழுத வேண்டும். நான் பௌர்ணமியன்று கிரிவலப் பாதையைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் கூட்டத்தில் என்ன கோலத்தில் போனாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பது என் கணக்கு.

"கூடப் போங்க. கண்ணு தெரியாம எங்கயாவது போயி முட்டிக்கப் போவுது" என்று அம்மா அப்பாவைக் கிளப்பிவிட்டாள். கல்லூரிக் காரியம் என்பதால் அவரால் மறுக்க முடியவில்லை.

என் கணக்கு அக்னி லிங்கத்தைத் தாண்டுவதற்குள்ளேயே பொய்த்தது. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு, பட்டாணி குத்துவதில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்த என்னை ஜனங்கள் பெரிய வேண்டுதல்காரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். விலகி வழி விட்டார்கள். ஓர் அம்மாள் என் நெற்றி நிறைய விபூதி பூசி, என் காதுப் பஞ்சையும் மீறிக் கேட்கும்படி அரோகரா என்றார். இன்னொருவர் அப்பாவிடம், "உங்க பொண்ணுங்களா? என்னா வேண்டுதலுங்க?" என்று கேட்டார்.

"மூணு வருஷ வேண்டுதலுங்க. இது கடைசி வருஷம்" என்றார் அப்பா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

எம லிங்கத்தில், "பாவம், உனக்கு வலிக்கும், உக்காரு" என்று அப்பா என்னை உட்கார வைத்தார். பாடத்துக்குப் பொருத்தமான இடம்தான். எனக்கு முன்பே அவர் உட்கார்ந்திருந்தார். நிருதி லிங்கத்திலும் எனக்கு வலிப்பதாக அவரே சொன்னார். அவருடைய பழைய அலுவலக நண்பர்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது, "என்னா சார், இவ்ளோ ஸ்லோவா?" என்றார்கள். "பாப்பாவுக்குக் காலேஜ்ல குடுத்திருக்காங்க. விட்டுட்டுப் போவ முடியுமா?" என்று அப்பா சத்தமாகச் சொன்னார். அவர் குரலில் அத்தனை சந்தோஷத்தைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

அடி அண்ணாமலையில் டீ குடித்தபோது என் இரண்டு மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. கட்டை அவிழ்க்கக் குனிந்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்குள்ள எதுக்கும்மா அவுக்கற? இன்னும் பாதி இருக்குல்ல."

வாசலின் பூசிய கண்ணாடி வழியாக அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. கை மட்டும் விடாமல் இறுகியிருந்தது. அவிழ்க்காமல் எழுந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து, ராஜகோபுரம் வரை சுற்றி முடித்தோம். அப்பா கற்பூரம் ஏற்றிவிட்டு வெகு நேரம் கும்பிட்டார்.

என் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வந்தது. முதுமையை ஆழமாக உணர்ந்து எழுதியிருப்பதாக மேடம் பாராட்டினார். அதில் பாதி பட்டாணியின் உபயம்.

அடுத்த பௌர்ணமியன்று சாயங்காலம் அப்பா குளித்து, வேட்டி மாற்றி, என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் அந்தக் கட்டுத் துணி மடித்தபடி இருந்தது.

"காலேஜ்ல இந்த மாசம் ஒண்ணும் குடுக்கலியாம்மா?"

"குடுத்திருக்காங்கப்பா" என்றேன். அலமாரியிலிருந்து பட்டாணியை எடுக்கப் போனேன்.

"அது வேணாம்மா, ரொம்ப குத்தும்" என்றார் அப்பா. "கட்டு மட்டும் போதும்."