சங்கருக்கு வயிற்றில் ஆபரேஷன்

கார் ஏற்றும் படகுக்குக் கேரளத்தில் ஜங்கார் என்று பெயராம். இரண்டு இரும்புப் படகுகளைச் சேர்த்து மேலே தளம் போட்டது. ஆறு கடலில் கலக்கும் எங்கள் துறைக்கு அதை வாங்கி வந்த முதல் வாரமே, ஊர் வாயில் விழுந்து அது 'சங்கர்' ஆகிவிட்டது. "சங்கர் அக்கரையில நிக்கிறான்" என்பார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், "அந்தப் புள்ளைக்கும் ஒரு காபி போடும்மா" என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். மாப்பிள்ளை கார், டிரான்ஸ்பார்மர், சினைமாடு என்று அவன் ஏற்றாதது இல்லை. உப்புக்காற்றுதான் அவனை அரித்துவிட்டது.

போன மார்கழியில் கரையேற்றினார்கள். நாகப்பட்டினத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு வேலை பார்க்கும் வெல்டர் ஒருவர் வந்தார். பெயின்ட் அடித்து இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ சுத்தியலால் அடிப்பக்கத் தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டி, சத்தம் மாறிய இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். ஊர், "சங்கருக்கு வயித்துல ஆபரேஷன்" என்றது. தையும் பிறந்துவிட்டது.

அக்கரைத் திட்டில் நான் குத்தகைக்கு எடுத்த வயலில் சம்பா முற்றி நின்றது. அறுவடை மிஷின் போக சங்கரை விட்டால் வழியில்லை. வானம் வேறு மூட்டம். என் வாயும் சும்மா இருக்காது.

"வெல்டிங் பண்ண வந்தீங்களா, கோலம் போட வந்தீங்களா?"

"அந்த வட்டத்துல கொஞ்சம் அழுத்திப் பாருங்கம்மா."

அழுத்தினேன். பெயின்ட்டோடு கட்டைவிரல் உள்ளே போனது. விரலைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எல்லா வட்டத்தையும் வெட்டிப் புதுத் தகடு வைத்தபிறகே தண்ணீரில் இறக்கினார். மிஷினை ஏற்ற அதன் டிரைவர் தயங்கினார். நானும் வற்புறுத்தவில்லை. வெல்டர் டார்ச் லைட்டும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, தளத்தின் மூடியைத் திறந்து, அதிகம் ஒட்டுப்போட்ட படகுக்குள் இறங்கினார்.

"ஏத்துங்க. தண்ணி வந்தா முதல்ல எனக்குத்தானே தெரியும்."

மிஷின் ஏறியதும் தளம் முனகியது. நான் மூடியருகே உட்கார்ந்து, "இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். கேட்கும்போதெல்லாம் கீழேயிருந்து ஒரு தட்டு வரும். நடு ஆற்றில் ஒருமுறை வரவில்லை. மறுபடி கேட்டேன், கத்தினேன். சம்பா, மழை எல்லாம் மறந்தே போனது. பிறகு மெதுவாக ஒரு தட்டு வந்தது.

அக்கரையில் மேலே வந்தவரின் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பதறிவிட்டேன்.

"வேர்வைங்க," என்றார். "சங்கர் நல்லாருக்கான். போய் அறுங்க."