சாவிக்கடைக்காரியின் மஞ்சள் சறுக்கு

அந்தக் குடும்பம் எங்கே சுற்றுலா போனாலும் பைகளுக்குக் காவல் இருக்கும் வேலை சாவிக்கடைக்காரிக்குத்தான். அதை அன்பாகத்தான் கொடுப்பார்கள். நிழலாக ஓர் இடம் பார்த்து உட்காரவைத்து, சுற்றிலும் பைகளை அடுக்கிவிட்டு, அவர்கள் பாட்டுக்கு ஓடிவிடுவார்கள்.

கல்லூரிக் காலத்தில் ஒரு லாரி அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே பறித்துக்கொண்டது. அதன்பிறகு செயற்கைக் காலில் நடந்து பழகினாள், சாவி செய்யும் தொழிலைக் கற்றாள், பேருந்து நிலையத்துக்கு எதிரே சொந்தக் கடை போட்டாள், பிடித்தவனையே கட்டிக்கொண்டு ஒரு மகளையும் பெற்றாள். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு விழிக்கிறவர்கள் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். ஆனால் அவளுடைய அக்காவின் கண்ணுக்கு மட்டும் அவள் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுத்திருந்தாள்.

இந்த முறை தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகலாம் என்று சொன்னவளே அவள்தான். அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அங்க வந்து நீ என்ன பண்ணுவே?"

"எல்லாரும் பண்றதைத்தான்."

பூங்காவில் இறங்கியதும் உடை மாற்றும் அறைக்குப் போய்ச் செயற்கைக் காலைக் கழற்றித் துண்டில் சுற்றி லாக்கரில் வைத்தாள். பைகளையும் அதிலேயே திணித்தாள். ஒரு கொண்டை ஊசி இருந்தால் இந்தப் பூட்டைத் திறந்துவிடலாம் என்று சொல்லி அக்காவைக் கலவரப்படுத்தினாள். பிறகு ஊன்றுகோல்களோடு நேராக மஞ்சள் சறுக்கை நோக்கி நடந்தாள். அங்கேயே பெரிய சறுக்கு அதுதான். மகளுக்கு உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டதால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அந்தச் சிறுமியோடு சாவிக்கடைக்காரியின் புருஷன் சின்னக் குளத்தில் நின்றுவிட்டான். தங்கையைத் தடுப்பதற்காக அக்கா பின்னாலேயே ஓடிவந்தாள்.

ஈரப் படியில் ஊன்றுகோல் நிற்கவில்லை. சாவிக்கடைக்காரி அவற்றை அக்காவின் கையில் கொடுத்தாள். படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறினாள். பின்னால் வந்த ஒருவர் தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவசரமாக இருந்தால் முந்திப் போங்கள் என்று சிரித்தபடியே வழிவிட்டாள். சிலர் முந்திப் போகவும் செய்தார்கள். ஊன்றுகோல்களைச் சுமந்த அக்காவுக்குத் தொடர்ந்து ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

உச்சியில் கழுத்தில் விசிலோடு நின்ற பெண் தயங்கினாள். கீழே குளத்தில் போய் விழும்போது எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

"நீந்துவேன். நடக்கிறதைவிட அது எனக்கு நல்லா வரும். ஞாயித்துக்கிழமை தவறாம நீச்சல் குளத்துக்குப் போறேன், வருஷக்கணக்கா."

விசில்காரி நம்பினாளோ இல்லையோ, அக்கா நம்பவில்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில கடைக்குத்தானே போறே?"

"நான் அப்படிச் சொன்னதே இல்லையேக்கா. நீயா நினைச்சுக்கிட்டே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

விசில்காரி கையிலிருந்த வாக்கிடாக்கியில் மேலதிகாரியிடம் பேசினாள். இருவர் உட்காரும் மிதவையில், துணைக்கு ஒரு ஆளோடு போகலாம் என்று பதில் வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஊன்றுகோல்களைக் கீழே அனுப்பச் சொல்லி விசில்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வழி நெடுகச் சாவிக்கடைக்காரி சிரித்துக்கொண்டே போனாள். அக்கா போட்ட கூச்சல் சின்னக் குளம்வரை கேட்டது. கடைசி வளைவைத் தாண்டிக் குளத்தில் விழுந்ததும் மிதவை குப்புறக் கவிழ்ந்தது. நீச்சல் தெரியாத அக்கா கையையும் காலையும் போட்டு அடித்தாள். சட்டென்று ஒரு கை அவளுடைய அக்குளுக்கடியில் நுழைந்து தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தது.

"காலை ஊனுக்கா. தரை இருக்கு."

இருந்தது. தண்ணீர் மார்பளவுதான். அக்கா நின்று, இருமி, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் தங்கை ஒற்றைக் காலை அசைத்தபடி, வீட்டுச் சோபாவில் சாய்ந்திருப்பவளைப்போல மிதந்துகொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குப் போவே?" என்று அக்கா கேட்டாள். "என்னையும் கூட்டிட்டுப் போ."

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அலைக்குளத்தில் இறங்கினார்கள். மகள் தாயின் முதுகில் தொற்றிக்கொண்டாள். அலை வரும்போதெல்லாம் அந்த இருவரும் சேர்ந்தே எழும்பி இறங்கினார்கள். கரையோரமாக அக்கா, முழங்காலளவு தண்ணீரில், தங்கை சொல்லிக்கொடுத்தபடி மூச்சைப் பிடித்து முகத்தை முக்கிப் பழகிக்கொண்டிருந்தாள்.