பஸ் எஞ்சின் போட்ட டாங்கி

உதியன்குளங்கரை பொன்னுதாஸ் முப்பத்தொரு வருஷம் பஸ் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர். அவர் சொல்வதில் பாதியை ஊர் நம்பாது. மீதியை மனைவி செல்லபாய் நம்பமாட்டாள்.

ஓய்வுபெற்றபின் போனில் பழைய பட்டாள வண்டிகளைப் பார்க்கத் தொடங்கினார். ஒருநாள் டீக்கடையில், "ரெண்டாம் யுத்தத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் செஞ்ச மொத க்ரூசர் டாங்கியில கெடந்தது பஸ் எஞ்சினாக்கும்" என்றார்.

"கண்டக்டரும் உண்டா அண்ணே?" என்று கேட்டார் ஊர் கிளப் செயலாளர் சதாசிவன்.

"ஆறு பேரு உண்டு. கண்டக்டர் இல்ல."

கடை சிரித்தது. அன்றுமுதல் பஸ் வந்தால் "டாங்கி வருது" என்றார்கள். பொன்னுதாஸ் வீட்டிலேயே டீ குடித்தார். ஒருதடவையாவது ஊர் தன்னை நம்பவேண்டும் என்பதே அவருடைய ஒரே கவலையாகிவிட்டது.

ஓண ஊர்வலப் போட்டிக்குக் கிளப் வண்டியில் எப்போதும் தொந்தி வைத்த மாவேலி, அதாவது மகாபலி ராஜாதான். இந்த வருஷம் மாவேலி வேஷக்காரர் யோசுவாவுக்குச் சர்க்கரை வந்து வயிறு வற்றிவிட்டது. சதாசிவன் வேறு வழியில்லாமல் பொன்னுதாஸ் செய்துதருவதாகச் சொன்ன டாங்கிக்குச் சம்மதித்தார்.

அசல் டாங்கியில் இரும்புத் தகட்டின் கனம் பதினாலு மில்லிமீட்டர். கடையில் பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட்தான் இருந்தது. பொன்னுதாஸ் அதன்மேல் இரண்டு மில்லிமீட்டர் தகரம் அடித்துக் கணக்கைச் சரிசெய்தார். ஒரு பழைய மினி லாரியின் மேல் பெரிய கூண்டு, அதில் பிவிசி குழாய் பீரங்கி. முன்னால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சின்னக் கூண்டு, அதில் பொம்மை இயந்திரத் துப்பாக்கியோடு கிளப் பையன்கள் நிஜினும் அஜேஷும்.

"மாமா, காத்துக்கு ஒரு ஓட்டை போடும்" என்றான் நிஜின்.

"அசலில இருந்தவனுக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும், மக்கா. பேசாம கேறு."

லாரியின் எஞ்சின் சரியாக அந்தக் கூண்டுகளுக்குக் கீழே இருந்ததை முப்பத்தொரு வருஷ மெக்கானிக் யோசிக்கவில்லை. சூடும் புகையும் ஏறி, நடுவர் மேடைக்கு முன்னால் அஜேஷ் வெளியே குதித்து வாந்தியெடுத்தான். நிஜின் கூண்டைத் தலையில் மாட்டியபடியே இறங்கி நடந்தான்.

"இது என்ன அக்கிரமம்?" என்று மைக்கில் கேட்டார் நடுவர் புஷ்பபாய் டீச்சர்.

பெரிய கூண்டிலிருந்து பொன்னுதாஸ் தலையை நீட்டினார். "அசலிலயும் அப்படித்தான் டீச்சரே. போனில நோக்கும்."

டீச்சர் நோக்கினார். "உள்ளதுதான். முன்கூண்டில இருக்கவே முடியாதாம்." விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினார். "பஸ் எஞ்சினும் உள்ளதாக்கும்."

பரிசு கிடைக்கவில்லை. மறுநாள் டீக்கடையில் சதாசிவனே எழுந்து பெஞ்சில் இடம் விட்டார். பொன்னுதாஸ் டீயை ஆற்றினார்.

"அதுக்க ஸ்பீடு மணிக்கு நாப்பது கிலோமீட்டர். அந்த எஞ்சின் ஒண்ணை நான் கழத்திப் பூட்டியிருக்கேன்."

கடை மொத்தமும் தலையாட்டியது. வீட்டில் செல்லபாய் மட்டும், அது எந்த வருஷம் என்று கேட்டாள்.