கத்தரீனாள் சொன்ன மிச்சக் கதை

கத்தரீனாள் கொழுந்தெடுப்பதில் சுமார்தான். கதை சொல்வதில் அந்த இடுக்கி மலையில் அவளை அடிக்க ஆளில்லை. சாயங்காலம் மலையாள சீரியல் ஓடுகிற நேரத்தில் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஜெபமாலை நடக்கும். அவள் மட்டும் ஜெபத்தை முன்கூட்டியே முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மறுநாள் தேயிலைக் காட்டில், கத்தரியை ஓட்டிக்கொண்டே முழுக் கதையையும் தமிழில் அவிழ்த்துவிடுவாள். மாமியார் பேசினால் மாமியார் குரல், போலீஸ் பேசினால் போலீஸ் குரல். சூப்பர்வைசர் இன்னாசிராஜ் கத்திக் கத்தி ஓய்ந்துபோனார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, சீரியலில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலிக்கத் தொடங்கும் வரை.

கத்தரீனாளோடு ஒரே வீட்டில் இருக்கும் பின்சி, ஊரைப் பொறுத்தவரை அவளுடைய சின்னம்மா மகள். சொந்தமில்லாதவர்களை லயத்தில் தங்கவைக்க முடியாது என்பதால் வந்த அன்றைக்கே சொன்ன பொய் அது. உண்மையில் இரண்டு பேரும் மனசொத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள். வெளியே தெரிந்தால் பின்சியை அன்றே பெட்டியோடு மலையை விட்டு இறக்கிவிடுவார்கள்.

"அந்தப் பொண்ணு வர்ற எடத்த விட்டுட்டுச் சொல்லிரு," என்றாள் பின்சி. எப்படி விடுவது? கதையே அவளைச் சுற்றித்தான் ஓடியது. வேறு வழியில்லாமல் கத்தரீனாள் மூஞ்சியைக் கோணி, குரலைக் கோணி, கேலியாகச் சொன்னாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வீட்டு அன்னபாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம லயத்துல இப்பிடி ரெண்டு இருந்தா வெளக்கமாத்தால அடிச்சு வெரட்டிருவேன்," என்றாள்.

"ஆமாக்கா," என்றாள் கத்தரீனாள். சொன்ன வாயை அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை டிவிக்காரர்கள் அந்தப் பெண்ணை லாரியில் அடிபடவைத்துக் கொன்றுவிட்டார்கள். வருஷக்கணக்காக எத்தனை வில்லிகள் கொழுத்துத் திரிகிறார்கள், இந்தப் படுபாவிகளுக்குக் கொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லை. வீட்டார் கொஞ்சம் அழுதார்கள். விளம்பரம் முடிந்ததும் அவள் அக்காவின் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது. பின்சி எழுந்து டிவியை அணைத்தாள். அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

காலையில், "அப்புறம் அந்தப் பொண்ணு என்னானா?" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். செத்துவிட்டாள் என்று சொல்ல கத்தரீனாளுக்கு நாக்கு எழவில்லை.

"ரெண்டு பேரும் ஓடிப்போயிட்டாளுக," என்றாள். "பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுல கம்பெனி வேலை. ஒத்த ரூம்பு வீடு. முன்னால வர்றவ கட்டஞ்சாயா போட்டு வைப்பா. மத்தவ வந்ததும் அவ கால எடுத்து மடியில வச்சுக்கிட்டு, அட்டை கடிச்ச எடத்துல சுண்ணாம்பு தடவி விடுவா."

"பாவம், எங்கயாச்சும் நல்லாருக்கட்டும்," என்றாள் ஒருத்தி. கத்தரீனாளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. தானே அந்தக் கதையை நம்பிவிட்டாள்.

கொழுந்து நிறுக்கப் போகும் வழியில் அன்னபாக்கியம் பக்கத்தில் வந்து நடந்தாள்.

"ஜெபத்தை முடிச்சுட்டு நேத்து நானும் பாத்தேன்டி. அந்தப் பிள்ள லாரியில அடிபட்டுச் செத்துட்டா."

கத்தரீனாள் தலைச்சுமையைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"எம்மவன் ரிஜோ கஞ்சிக்கோட்டுலதான் கெடக்கான். நானும் போயிருக்கேன். வெயில் மண்டையப் பொளக்குற ஊரு. அங்க ஏதுடி நம்ம தேயிலைக் காட்டு அட்டை? மழைக்காலம் பூரா பின்சி எங்கிட்டச் சுண்ணாம்பு வாங்கிட்டுப் போறது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

முடிந்தது என்று நினைத்தாள் கத்தரீனாள். பொழுது சாய்வதற்குள் பின்சி ஜீப்பில் ஏறிவிடுவாள். காலில் விழலாமா என்றுகூட நினைத்தாள். "அக்கா," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்னபாக்கியம் முன்னும் பின்னும் பார்த்தாள். யாரும் பக்கத்தில் இல்லை.

"நாளைக்குச் சொல்லும்போது அட்டைய விட்டுட்டுச் சொல்லு," என்றாள்.