முப்பது டிகிரி மாப்பிள்ளை

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். எதிரே புதிதாக ஒரு கடை. ஆள் உயரத்துக்கு ‘டிகிரி காபி’ என்று போர்டு. காபி வாசனையைவிட அந்த டிகிரிதான் என்னை நிறுத்தியது. நடுரோட்டில் தனியாக நின்று சிரிக்கிற ஆளை ஆட்டோக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எண்பதுகளில் அதே இடத்தில் தணிகாசலத்தின் பேட்டரி கடை இருந்தது. கப்பற்படையில் பதினைந்து வருஷம் பீரங்கிப் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். நான் அப்போது தாலுகா ஆபீசில் புது கிளார்க். சாயங்காலமானால் அவன் கடை ஸ்டூலில்தான் கிடப்பேன். எங்கே பேச்சை ஆரம்பித்தாலும் பீரங்கியில் கொண்டுவந்து நிறுத்துவான். ராஜகிரிக் கோட்டை உச்சியில் கிடக்கிற பீரங்கியைக்கூட, “அது இன்னா தூரம் போயிருக்கப் போவுது” என்று அலட்சியமாகச் சொல்வான்.

அவனுக்கு ஒரே குறை. வயது முப்பத்து மூன்று, படிப்பு பத்தாவது. பெண் பார்த்த இடமெல்லாம் ‘பையனுக்கு டிகிரி இல்லையே’ என்று தட்டிப்போனது. அவலூர்பேட்டை மல்லிகாவின் போட்டோவைப் பார்த்தபிறகு அவனுக்குக் கடையில் கவனமே இல்லை. இதுவும் போனால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றான்.

மல்லிகாவின் அப்பா மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. மாப்பிள்ளையை விசாரிக்கக் கடைக்கே வந்தவர், சும்மா பேச்சுக்கு, “கப்பல் பீரங்கி எத்தினி தூரம் சுடும் தம்பி?” என்றார். அவனிடம் போய் அதைக் கேட்கலாமா?

“குழாய் நீளம், குண்டோட எடை, மருந்து, காத்து, எல்லாம் இருக்குதுங்க. மருந்து அளவு எனக்கு அத்துப்படி. எல்லாம் சரியா இருந்தாலும் டிகிரி இல்லன்னா பக்கத்துலயே உழுந்துடும்.”

பெரியவர் தொடையில் தட்டினார். “அதத்தான் நானும் சொல்றேன்! தம்பிக்கு எத்தினி டிகிரி?”

“சாதாரணமா முப்பதுங்க. நாப்பத்தஞ்சு வரைக்கும் போலாம். அதுக்கு மேல ஏத்தினா தூரம் கொறஞ்சிடும்.”

பெரியவர் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் யோக்கியனாக நடந்திருக்கலாம். “எல்லாம் கடல்லயே வாங்கினதுங்க” என்றேன். “மருந்து வேற படிச்சிருக்காரு” என்று முணுமுணுத்தபடி அவர் பஸ் ஏறினார்.

விஷயம் புரிந்ததும் தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டான். “கெடுத்துட்டியேடா பாவி!” ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகும்போது உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சத்தியம் வேறு செய்தான். அங்கே எங்களுக்குக் காபி கொண்டுவந்த மல்லிகா அவனிடம் தம்ளரை நீட்டியபடி மெல்லக் கேட்டாள்: “நைனா சொன்ன டிகிரி காலேஜுதா, கோணமா?”

“கோணம்தாங்க” என்றான் வேர்த்துக்கொண்டே.

“நெனைச்சேன். நானும் பள்ளிக்கூடத்துல பாகைமானி வச்சிருந்தவதான். நைனாகிட்ட சொல்லிடாதீங்க.”

அந்த மாசமே கல்யாணம். மருமகனின் முப்பது டிகிரியைப் பெரியவர் கடைசிவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இன்று பெரியவர் இல்லை, பேட்டரி கடை இல்லை. தணிகாசலமும் போய் இரண்டு வருஷமாகிறது. காபியைக் குடித்துவிட்டு மல்லிகாவைப் பார்க்கப் போனேன். சுவரில் அவன் படம் மாலையோடு முன்பக்கம் சாய்ந்து தொங்கியது. நேராக்கலாம் என்று கையை நீட்டினேன்.

“உடுங்கண்ணா” என்றாள் மல்லிகா. “முப்பது டிகிரி. அளந்துதான் மாட்டினேன்.”