பேசக்கூடாத செயலாளர்

ஓய்வு பெற்ற அரசு ஊழியரைக் கண்டால் எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வரும்: இவரைச் செயலாளராகப் போடலாம். நில அலுவலகத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். மலேசியாவின் ஈப்போ நகரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் பெயரில் நடக்கும் காற்பந்து லீக்குக்கு விதிகளை எழுதிக் கொடுத்தவனும் நானே. தோட்டங்கள் இப்போது இல்லை. எங்களுடையதில் பாதி செம்பனை, மீதி தாமான் என்னும் குடியிருப்பு வீடுகள். ஜெர்சியில் மட்டும் தோட்டம் மிச்சமிருக்கிறது.

தோட்டத்தில் ஆள் இல்லாதபோது அணிக்கு ஆள் எங்கிருந்து வரும்? அதற்கும் நான்தான் வழி சொன்னேன். ஆட விரும்பும் புதியவர்கள் லீக்கில் பெயர் கொடுக்க வேண்டும். அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். சென்ற ஆண்டு கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கடைசியாக வந்தால் லீக்கை விட்டே வெளியேற வேண்டும். இந்த முறை முதல் வாய்ப்பு எங்களுக்கு. அதிலிருந்தே எங்கள் யோக்கியதை தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பொருளாளரின் உணவகத்து மாடியில் கூடினோம். இவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். முஸ்லிம் வீட்டு வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில் நாங்கள் இவரை நானா என்போம். தலைவர் பதவியையும் பயிற்சியாளர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். நான்காவது ஆள், பள்ளிக் கேன்டீன் நடத்தும் அக்கா. ஜெர்சி துவைப்பதிலிருந்து நடுவரைத் திட்டுவது வரை அவர் பொறுப்பு.

முடிவு இரண்டு பெயர்களுக்கு நடுவில் நின்றது. ஒருவன் ஆயர் தாவார் ஊர் இளைஞன், இடது கால் ஆட்டக்காரன், ஓடினால் பிடிக்க முடியாது. மற்றவர் என் மருமகன். முப்பது தாண்டியவர், நல்ல தடுப்பாட்டக்காரர், ஜொகூரிலிருந்து அண்மையில்தான் எங்களோடு வந்து சேர்ந்தார். மாமாவின் தோட்டம் எடுத்தால் மட்டும் ஆடுவேன் என்று லீக்கில் சொல்லியிருந்தார். வேறு எந்த அணியும் அவரைக் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

அன்று காலை என் மகள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். "அப்பா, அவர் முட்டி போயிடுச்சு. ஜொகூர்லயே டாக்டர் சொல்லிட்டாரு, இன்னொரு தடவ திரும்புச்சுன்னா ஏணி ஏற முடியாதுன்னு. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. எப்படியாச்சும் எடுக்காம பண்ணிடுங்கப்பா." மருமகன் ஏர்கான் குளிர்சாதனம் பொருத்துபவர். ஏணி ஏற முடியாவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு விளக்கம் வேண்டாம். அந்த வீட்டில்தான் நானும் இருக்கிறேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மாடிப்படி ஏறும்போதுதான் விதி நினைவுக்கு வந்தது. வீரருக்கு உறவினராக இருக்கும் குழு உறுப்பினர் அவரைப் பற்றிப் பேசக்கூடாது, வாக்களிக்கக்கூடாது. நான் எழுதியது, அழகாகவே எழுதியிருந்தேன். வெளியே போய் உட்காரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கூட்டம் செல்லுபடியாக நான்கு பேர் வேண்டும் என்பதும் என் கைவண்ணம்தான். இருந்தவர்களே நான்கு பேர். மாலைக்குள் பெயர் சொல்லாவிட்டால் எங்கள் முறை போய்விடும்.

"ஆயர் தாவார் பையன் ஓடுறான், சரி," என்றார் தலைவர். "பந்தக் குடுக்கிறானா? போன மாசம் பார்த்தேன். கோல் முன்னாடி மூணு பேரு சும்மா நிக்கிறாங்க, இவன் தனியா சுத்திக்கிட்டு இருக்கான்."

"நம்ம பசங்க நின்னா யாரு குடுப்பா?" என்றார் அக்கா. "நானே ஆடுனாலும் குடுக்க மாட்டேன். போன வருசம் எத்தன கோல் போட்டோம், சொல்லுங்க பார்ப்போம். கோல் போட ஆள் வேணும்லா."

"போட்டத விட வாங்குனது ஜாஸ்தி அக்கா," என்றார் நானா. "பின்னால அடைக்க ஆள் வேணும். சாரோட மாப்ள நின்னா சுவரு மாதிரி."

சுவரின் அடித்தளம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தேநீரைக் குடித்தேன். அக்காவின் வாதம் வலுக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அவரும் கொஞ்ச நேரம் நன்றாகவே போராடினார். நானாகூடத் தடுமாறினார். எல்லாம் கூடி வரும் நேரத்தில் எனக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று. விதிமுறை பற்றி மட்டும் செயலாளர் பேசலாம். அந்த ஓட்டை ஒன்றுதான் மிச்சம்.

"பொதுவாகச் சொல்கிறேன்," என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். "விதிப்படி எந்த வீரரிடமும் செயலாளர் மருத்துவச் சான்று கேட்கலாம்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதான் பார்த்தேன்," என்றார் தலைவர் மெதுவாக. "அந்தப் பையன் பாதி ஆட்டத்துல மூச்சு வாங்குறான். ஆஸ்துமாவா இருக்குமோ?"

"சாருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு," என்றார் நானா.

அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படி இல்லை என்றால் வேறு யாரைச் சொன்னேன் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அதுதான் எனக்கு வினையாக முடிந்தது. என் அப்பா அந்தத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், கணக்கும் பேரேடும் அவர் கையில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லயத்தில் குடியிருந்த தொழிலாளர்களோடு அளந்து பேசியவர். கிராணி எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். பலாப்பழத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசாமல் போவார். சாயங்காலம் பழம் வீட்டுக்கு வந்துவிடும். அவருடைய மௌனத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது தோட்டத்தில் எல்லாரும் கற்றிருந்த வித்தை. எனக்கு அந்த வழக்கம் பிடிக்காது. அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கும் உத்தியோகத்துக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம். தோட்டம் போனாலும் அந்த வித்தை போகவில்லை என்பதை அன்று பார்த்தேன்.

"நாமளும் சும்மா பேசிக்கிட்டு இருக்கோம்," என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி. "கிராணியார் வீட்டு ஆளு, மாப்ளய எடுங்கன்னு வாயத் திறந்து கேப்பாங்களா? வந்ததுலேருந்து சார் முகமே சரியில்ல. நம்மதான் புரிஞ்சுக்கணும்."

அவர்தான் எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை.

"இல்லை, நான்..." என்று எழுந்தேன்.

"சார், எந்திரிக்காதீங்க. நீங்க வெளிய போனா கூட்டம் செல்லாது. நீங்க எழுதுனதுதான்," என்று சிரித்தார் தலைவர்.

"அப்படியென்றால் சான்று..."

"உங்க மாப்ளகிட்டயா? அது மரியாதையா சார்?" என்றார் நானா.

மூன்று கைகள் உயர்ந்தன. தலைவர் கைப்பேசியில் லீக்குக்கு என் மருமகன் பெயரைச் சொன்னார். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது: அடுத்த அணி ஆயர் தாவார் இளைஞனை எடுத்துக்கொண்டது. "ஆஸ்துமாவ அவங்க பார்த்துக்கட்டும்," என்றார் அவர். நானா மட்டன் வறுவலை இலையில் கட்டி என் கையில் வைத்தார். அக்கா என் முழங்கையைத் தொட்டு, "சந்தோசமா?" என்றார். உண்மையான அன்போடுதான் கேட்டார். நன்றி என்று சொன்னேன்.

என்னை அழைத்துப் போக மருமகன் மகளோடு காரில் வந்திருந்தார். செய்தி கேட்டு மாடிக்கே ஏறி வந்தார். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து வந்தார். "பெரியவங்க முன்னாடி எவ்வளவு அடக்கமா வாரார் பாருங்க," என்றார் நானா.

காரில் மகள் முன்னால், நான் பின்னால். கார் லகாட் சாலையில் திரும்பியது.

"மாமா, நீங்கதான் பேசி எடுக்க வச்சீங்களா?" கண்ணாடியில் தெரிந்த அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. இந்த ஊருக்கு வந்த பிறகு அதை நான் பார்த்ததில்லை.

"ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை."

மகள் திரும்பாமலே சொன்னாள்: "அதான் தெரியுதே."

பின் கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தது. உள்ளிருந்து திறக்காது. திறந்தாலும் எங்கே போவேன்? மடியில் மட்டன் சுட்டது. தேர்வு முடிந்துவிட்டது, இனிப் பேச எந்தத் தடையும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு விதி. மூன்று சாட்சிகள் முன்னால் அதை நானே சொல்லியும் விட்டேன்.

"மாப்பிள்ளை," என்றேன். "பதிவுக்கு முன்னால் மருத்துவச் சான்று வேண்டும். முட்டியைப் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். செயலாளர் என்ற முறையில் கேட்கிறேன்."

கார் கொஞ்சம் மெதுவானது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"எல்லாருக்கும் உள்ள ரூலா மாமா?"

"எல்லாருக்கும்தான்."

"யார் எழுதுனது?"

"நான்தான்."

அவர் வானொலியை நிறுத்தினார். ஆயர் தாவார் இளைஞன் போயாயிற்று, இவராலும் ஆட முடியாது. அடுத்த ஆண்டு லீக்கில் நாங்கள் இருக்க மாட்டோம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சந்தைக்கும் கிளினிக்கிற்கும் கோயிலுக்கும் என்னைக் கூட்டிப்போவது இவர்தான். வீட்டு வாசலில் அவர் இறங்கி, காரில் கையை ஊன்றிக் காலை நீட்டிக்கொண்டு வந்து, என் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து திறந்துவிட்டார்.